தலைதீபாவளிச் செலவு

அரைப் பவுன் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு இரண்டு கிராம் என்று எழுதினாள் கமலாம்பாள். சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் அடித்து, ஒரு கிராம் என்று மாற்றினாள்.

தீபாவளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. வைகாசியில் பட்டுக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட மகள் வானதிக்கு இது தலைதீபாவளி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவன் ரஞ்சித்துடன் வந்து இறங்குவாள்.

"ஒரு கிராமுல மோதிரம் செய்வாங்களா?" என்று கேட்டார் சிங்காரவேலு. வாசற்படியில் உட்கார்ந்து, காலில் காய்ந்திருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"செய்வாங்க. போட்டிருக்கறது மாப்ளைக்கு மட்டுந்தான் தெரியும்."

"பச்சப்புள்ளைக்குப் போடற மாதிரியில்ல இருக்கும்?"

"அப்ப நீங்களே கடைக்குப் போயி கிராம் என்ன வெலைன்னு கேட்டுட்டு வாங்க. கடைக்காரரு சொன்னதும் எனக்குக் காது அடைச்சுப்போச்சு. கல்யாணத்தப்பவே வாங்கி வச்சிருவோம்னேன். ஐப்பசிக்கு எறங்கும், பொறுன்னது யாரு?"

"எல்லாரும் சொன்னாங்க."

"மோதிரம் போடப்போறது எல்லாருமா, நாமளா?"

அவர் மறுபடி சேற்றைச் சுரண்டத் தொடங்கினார். அவள் பட்டியலில் அடுத்த வரிக்குப் போனாள். மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி, சட்டை, வானதிக்குப் பட்டுச் சேலை, சம்பந்தியம்மாள் பிரகதாம்பாளுக்கு ஒரு சேலை, சம்பந்திக்கு வேட்டி. எண்ணெய், பருப்பு, சர்க்கரை, பட்டாசு ஆகியவற்றைப் பற்றிக் கவலையில்லை. திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் அஹமது கபீர் நடத்தும் மளிகைக் கடையில் வாரம் நூறு ரூபாய் வீதம் தீபாவளிச் சீட்டுக் கட்டியிருந்தாள். நடவுக்குப் போன வாரமும் போகாத வாரமும் ஒரு வாரங்கூடத் தவறியதில்லை. "அம்மா, நீங்க வந்தாத்தான் எனக்குச் சனிக்கெழமைன்னே தெரியுது" என்பார் கபீர். மீதி நாற்பதாயிரத்துக்குக் குறுவை நெல்லை நம்பியிருந்தாள்.

நெல் விளைந்திருந்தது, அறுத்தாகிவிட்டது, பத்து நாளுக்கு முன்பே அரசுக் கொள்முதல் நிலையத்தில் எடைபோட்டும் கொடுத்தாகிவிட்டது. ஒரு லட்சத்து நாற்பத்தெட்டாயிரம் ரூபாய். ஆனால், அந்தப் பணம் சிங்காரவேலுவின் பெயரில் வராது.

அவர் சாகுபடி செய்த மூன்று ஏக்கரும் தஞ்சாவூரில் குடியிருந்த இராஜாங்கத்தின் நிலம். இருபத்தாறு வருடமாக வாய்ப்பேச்சில் நடந்துவரும் குத்தகை. நெல்லை விற்பதற்குச் சிட்டா வேண்டும், அடங்கல் வேண்டும், வங்கிக் கணக்கு வேண்டும். மூன்றும் நிலத்துக்காரர் பெயரில் இருந்தன. குத்தகைக்காரரும் தம் பெயரிலேயே விற்கலாம் என்று விதி சொல்லாமலில்லை. அதற்கு நிலத்துக்காரர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் குத்தகை எழுத்தில் ஏறிவிடும். அதை விரும்பிக் கையெழுத்திட்ட நிலத்துக்காரரை அந்த வட்டாரத்தில் ஒருவரும் கண்டதில்லை. சேற்றில் இறங்கியவனின் பெயர் சேற்றோடு நின்றது.

இராஜாங்கம் நேர்மையானவர்தாம். நெல்லுப் பணம் வருவதற்கென்றே ஒரு கணக்கு வைத்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன்பு முழங்கால் மடங்காமல் போனபோது, அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டைச் சிங்காரவேலுவின் கையிலேயே கொடுத்துவிட்டார். பணம் ஏறியதும் இராஜாங்கத்தின் கைபேசிக்குச் செய்தி வரும். அவர் உடனே கூப்பிடுவார். "சிங்காரம், வந்துருச்சு, எடுத்துக்க" என்பார். கமலாம்பாள் போய் எடுத்து வருவாள். இயந்திரம் கேட்பதற்குச் சிங்காரவேலு யோசித்துப் பதில் சொல்வதற்குள் அது கார்டை வெளியே தள்ளிவிடும் என்பதால், இது எப்போதும் அவள் வேலை. குத்தகை முப்பதாயிரத்தைக் கணக்கிலேயே விட்டுவிட்டு மீதியை எடுப்பாள். ஒரு போகத்திலும் ஒரு ரூபாய் முன்பின் ஆனதில்லை.

அறுவடை இயந்திர வாடகையும் உரக்கடை பாக்கியும் போனால் அறுபதாயிரம் மிஞ்சும். இருபதாயிரம் அடுத்த போகமான தாளடி நடவுக்கு, நாற்பதாயிரம் தலைதீபாவளிக்கு. அவளுடைய திட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை.

பத்து மணிக்குக் கைபேசி ஒலித்தது. திரையில் இராஜாங்கத்தின் பெயர் தெரிந்தது.

"வந்துருச்சு!" என்று கமலாம்பாள் பேனாவை எடுத்துக்கொண்டாள். "எவ்வளவுன்னு சரியா கேளுங்க."

"ஐயா, சொல்லுங்க ஐயா."

"ஐயா இல்லீங்க. நான் வீரமணி பேசுறேன், அவங்க பையன்." என்றது குரல். "அப்பா காலையில தவறிட்டாங்க. காபி கொண்டு போன அம்மாதான் பாத்தாங்க."

சிங்காரவேலு எழுந்து நின்றார். எதிரில் யாரோ இருப்பதுபோல் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்ப தம்பி எடுக்குறீங்க?"

"நாளைக்கு மத்தியானம். தங்கச்சி டெல்லியிலேருந்து வரணும்."

"வந்துர்றேன் தம்பி."

கமலாம்பாள் பேனாவைக் கீழே வைத்தாள். அடுப்பில் உலை கொதித்து வழிந்தது. இருவரில் ஒருவரும் அதை இறக்கப் போகவில்லை.

கடைசியில் அவள் போய் உலையை இறக்கிவிட்டு வந்தாள். "இன்னிக்கே எடுத்துருவோம்."

"என்னத்த?"

"பணத்த. பத்து நாளாச்சு, இந்நேரம் ஏறியிருக்கும். பேங்குக்குத் தெரிஞ்சா கணக்கை நிறுத்திருவாங்க. மேலத்தெருவுல ஒரு வீட்டுல வாரிசுன்னு தாள் வாங்கி அவங்க அப்பா பணத்தை எடுக்க எட்டு மாசம் ஆச்சு. அது பெத்த புள்ளைங்களுக்கு. நாம யாரு?"

"பொணம் கெடக்குற வீட்டுப் பணத்துல கைவைக்கச் சொல்றியா?"

"வீட்டுப் பணமா அது? நம்ம நெல்லுங்க."

"நெல்லு நம்மளது. பேரு அவரோடது."

"வெதை விட்டப்ப யாரு பேரு? களை எடுத்தப்ப யாரு பேரு? அப்பெல்லாம் ஒருத்தரும் பேரு கேக்கல."

"கத்தாத. நாளைக்குக் காரியமெல்லாம் முடியட்டும். தம்பிகிட்டப் பக்குவமா சொல்லி, கார்டைக் கையில குடுத்துட்டு, நம்ம பங்கைக் கேட்டு வாங்கிக்கலாம். அதுதான் மொறை."

"எடுத்த அன்னிக்கே பணம் கேப்பீங்களா?"

"அன்னிக்குக் கேக்க முடியுமா?"

"மறுநாளு?"

"பால் தெளிக்கிற அன்னிக்கு எப்படிக் கேக்குறது?"

"அப்ப பதினாறு கழிச்சுக் கேப்பீங்க. தலைதீபாவளி அதுவரைக்கும் வாசல்ல உக்காந்திருக்கும், இல்ல?"

அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "நான் திரும்பி வர்ற வரைக்கும் கார்டைத் தொடாத" என்று மட்டும் சொன்னார். அவள் சரி என்று சொல்லவில்லை. சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டார். மாலைக்கும் பேருந்துக்கும் ஐந்நூறு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, பட்டியலில் சம்பந்தியின் வேட்டியை அடித்தாள்.

மறுநாள் காலையில் சிங்காரவேலு தஞ்சாவூருக்குப் போய்ச் சேர்ந்தபோது தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். கூடத்தில் குளிர்பெட்டிக்குள் இராஜாங்கம் கிடந்தார். தலைமாட்டில் அவர் மனைவி ராஜம்மாள் அழுகையெல்லாம் தீர்ந்துபோய் உட்கார்ந்திருந்தாள். மாலையைப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு, ஒரு நிமிடம் நின்றுவிட்டு, அவர் வெளியே வந்தார். அழ வேண்டும் என்று தோன்றியது. அழுகை வரவில்லை. வண்டியிலிருந்து நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த ஆட்களோடு சேர்ந்து இறக்கினார். தண்ணீர் கேன்களைத் தூக்கி உள்ளே வைத்தார். வேலை இருந்தவரையில் ஒன்றும் தெரியவில்லை.

பந்தலில் பண்டிகையைப் பற்றித்தான் பேச்சு. ராஜம்மாளின் தம்பி நாகநாதன் உரக்கப் பேசிக்கொண்டிருந்தார்.

"டெல்லியிலேருந்து வர டிக்கெட்டு மூணு மடங்குய்யா. சாவுக்கு வர்றோம்னு சொன்னாலும் ப்ளைட்டுக்காரன் தீபாவளி ரேட்டுதான் போடுறான்."

"சமையலுக்கு ஆள் கெடைச்சாச்சா?" என்று கேட்டார் ஒருவர்.

"எங்க? எல்லாரும் ஜாங்கிரி பிழியப் போயிட்டானுவ. ஒருத்தன் வர்றேங்கிறான். ஆனா, போனஸ் சேத்துக் குடுக்கணுமாம். எழவு வீட்டுல போனஸ் கேக்குறான்!"

இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

வீரமணி வெளியே வந்தான். பெங்களூரில் வேலை பார்ப்பவன், முப்பத்தைந்து வயதிருக்கும், குரலை உயர்த்தத் தெரியாதவன். இரங்கல் சொல்லக் கூப்பிடுகிறவர்களுக்காகத் தந்தையின் கைபேசியைத் தன் சட்டைப்பையில் வைத்திருந்தான்.

"வாங்க. சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு தம்பி" என்றார், சாப்பிடாத சிங்காரவேலு.

"நிலத்தைப் பத்தியும் பேசணுங்க. ஒரு பார்ட்டி ரெண்டு வருஷமா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அப்பாதான் இழுத்துக்கிட்டே இருந்தாங்க. இப்ப வேண்டாம். பதினாறு முடியட்டும், உக்காந்து பேசுவோம்."

"சரிங்க தம்பி."

அப்போது அவன் சட்டைப்பையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. அவன் எடுத்துப் பார்த்தான். புருவம் சுருங்கியது.

"மாமா" என்று நாகநாதனைக் கூப்பிட்டான். "அப்பா கணக்குலேருந்து பத்தாயிரம் எடுத்ததா மெசேஜ் வந்திருக்கு. ஏடிஎம்ல. இப்பத்தான்."

"என்னது? கார்டு எங்க இருக்கு?"

"அம்மாகிட்ட இருக்கும்னு நெனச்சேன்."

உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தான். அம்மாவிடம் இல்லை. அதற்குள் கைபேசி மீண்டும் அதிர்ந்தது.

"மறுபடியும் பத்தாயிரம்."

"எவனோ திருட்டுப்பய! சாவு வீடுன்னு தெரிஞ்சே எடுக்குறான்யா. பேங்குக்குப் போனைப் போடு, கார்டை நிறுத்தச் சொல்லு!"

வீரமணி எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டான். பந்தலிலிருந்தவர்கள் எல்லோரும் எழுந்து அவனைச் சுற்றி நின்றார்கள். ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. சிங்காரவேலு கூட்டத்தின் பின்னால் நின்று அதைக் கேட்டார். வாயைத் திறந்தால் போதும். தம் நெல் முழுவதையும் ஒருவன் பொத்தானை அழுத்திப் பூட்டுவதை, வேறு யாருக்கோ நடப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிறுத்தியாச்சு" என்றான் வீரமணி.

"கெட்டிக்காரன்!" என்றார் ஒருவர்.

"இத்தோட விடக்கூடாது" என்றார் நாகநாதன். "எந்த ஏடிஎம்னு மெசேஜ்லயே இருக்கும். அங்க கேமரா இருக்கும். போலீசுல ஒரு வார்த்தை சொன்னா, சாயங்காலத்துக்குள்ள ஆளைத் தூக்கிருவாங்க."

சிங்காரவேலுவின் வாய் அப்போதுதான் திறந்தது.

"தம்பி, போலீசெல்லாம் வேண்டாம். எடுத்தது எம் பொஞ்சாதி."

எல்லோரும் திரும்பினார்கள்.

"ஐயாதான் கார்டை எங்கிட்டக் குடுத்து வச்சிருந்தாங்க. ரெண்டு வருஷமாச்சு. அது நெல்லுப் பணம் தம்பி. குத்தகை முப்பதாயிரம் போக மிச்சம் எங்களோடது. நான் வேண்டாம்னுதான் சொல்லிட்டு வந்தேன். அவ கேக்கல."

"நல்லா இருக்குய்யா கதை!" என்றார் நாகநாதன். "குடுத்தாரா இல்லையான்னு இனி அவரு எந்திரிச்சு வந்துதான் சொல்லணும்."

ராஜம்மாள் கதவோரம் வந்து நின்றிருந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "எனக்குத் தெரியாதுப்பா" என்றாள். "வயல் சமாசாரம் எதையும் எங்கிட்ட அவரு சொன்னதில்ல." பொய்யில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள்.

வீரமணி கையை உயர்த்தி மாமாவை அடக்கினான். "எழுத்துல ஏதாவது இருக்குங்களா?" என்று கேட்டான். கோபமே இல்லாத கேள்வி.

"எழுத்துல ஒண்ணும் இல்ல தம்பி. இருபத்தாறு வருஷம் இருக்கு."

"அப்பா எங்கிட்ட எதுவும் சொல்லலையே. வாரிசுன்னா அம்மா, தங்கச்சி, நான், மூணு பேரு இருக்கோம். நானா எதையும் முடிவுபண்ண முடியாது. எதுவா இருந்தாலும் பதினாறுக்கு அப்புறம் பாப்போம்." சற்று யோசித்தான். தந்தை இறந்த வீட்டில் ஏழையிடம் கடுமையாக நடந்துகொண்டதாக ஆகிவிடக் கூடாது என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். சிங்காரவேலுவின் தோளைத் தொட்டான். "எடுத்த இருபதாயிரத்தைத் திருப்பித் தர வேண்டாங்க. தீபாவளி வருது. பண்டிகைக்கு நாங்க குடுத்ததா வச்சுக்கங்க."

"பெரிய மனசுய்யா உனக்கு" என்றார் நாகநாதன்.

சிங்காரவேலு கைகளைக் குவித்தார். இராஜாங்கத்தை ஏற்றிய வண்டி புறப்பட்டபோது தெருமுனை வரை பின்னால் நடந்தார். மயானத்துக்குப் போகாமல் அங்கிருந்தே பேருந்து நிலையத்துக்குத் திரும்பிவிட்டார்.

அவர் வீட்டுக்கு வந்தபோது ஐந்து மணி. சாவு வீட்டுக்குப் போய்வந்தவர் குளிக்காமல் உள்ளே வரக் கூடாது என்பதால் முற்றத்திலேயே நின்றார். கமலாம்பாள் வாளியில் தண்ணீரோடு வந்தாள்.

"தொடாதன்னு சொன்னீங்க. தொட்டுட்டேன்" என்றாள். "ரெண்டு தடவை வந்துச்சு. மூணாவது தடவை வரல."

"வராது. நிறுத்திட்டாங்க."

"ஆருக்குத் தெரிஞ்சுது?"

"எல்லாருக்கும் தெரிஞ்சுது. மெசேஜ் தம்பி கையிலதான் வந்துச்சு. நான் பக்கத்துலதான் நின்னேன்."

அவள் வாளியைக் கீழே வைத்தாள். கபீர் கடையிலிருந்து வாங்கிவந்த சீட்டுச் சாமான்கள் கதவருகில் பையோடு இருந்தன. அவர் நடந்ததை நடந்த வரிசையில் சொன்னார். தம்முடைய கதையாக இல்லாமல், பேருந்தில் யாரோ சொல்லக் கேட்டதைத் திருப்பிச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இருபதாயிரம் போக மிச்சம்?"

"பதினாறுக்கு அப்புறம்னாரு."

"குடுப்பாரா?"

"எழுத்துல இருக்கான்னு கேட்டாரு."

"இந்த இருபதாயிரம்?"

"பண்டிகைக்கு நாங்க குடுத்ததா வச்சுக்கங்கன்னாரு."

கமலாம்பாள் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "நம்ம நெல்லையா?"

"ம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கையெடுத்துக் கும்புட்டேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வயல் இருந்த திக்கைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தாளடி நாத்துக்கு எத்தனை நாளு ஆச்சு?"

"இருபத்தி மூணு."

"பதினாறு வரைக்கும் தாங்குமா?"

"முத்திப்போயிரும்."

"நட்ட வயலை விப்பாங்களா?"

"விக்கலாம். ஆனா, பயிர் நிக்கிறப்ப எறங்கச் சொல்ல மாட்டாங்க. அறுக்குற வரைக்கும் விட்டுருவாங்க. அந்த மட்டுக்கும் ஊருல நியாயம் இன்னும் இருக்கு."

"அப்ப நாளைக்கே ஆளு சொல்லிருங்க. பதினாறுக்கு அவங்க பேச வர்றப்ப மூணு ஏக்கரும் நட்டிருக்கணும். இருபதாயிரமும் அதுக்குத்தான் சரியா இருக்கும்."

"வானதி?" என்றார் அவர். "ஞாயித்துக்கெழம வந்து எறங்குதே. வெறுங்கையோட மாப்ளையைக் கூப்பிட முடியுமா? சம்பந்தியம்மா சொந்தமெல்லாத்துகிட்டயும் சொல்லி வச்சிருக்கு."

கமலாம்பாள் கைபேசியை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே வானதி எடுத்தாள். பின்னால் தேங்காய் உரிக்கும் சத்தம் கேட்டது.

"பக்கத்துல யாரு இருக்கா?"

"அத்தை இருக்காங்கம்மா. குடுக்கவா?"

"வேண்டாம். ராஜாங்கம் ஐயா தவறிட்டாங்க."

"ஐயோ, எப்பம்மா?"

"நேத்து. நமக்குத் தீட்டு வந்துருச்சு. தீபாவளி கெடையாது. நீங்க வர முடியாது."

தேங்காய் உரிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அவங்க நமக்குப் பங்காளியாம்மா?" என்று மெல்லக் கேட்டாள் வானதி.

"ஒனக்குப் பெரியப்பா மொறை."

முற்றத்தில் நின்ற சிங்காரவேலு தலையைக் குனிந்துகொண்டார். வானதி மறுபடி பேசியபோது அவள் குரல் உயர்ந்திருந்தது. பக்கத்திலிருப்பவர் கேட்கவேண்டும் என்றே உயர்த்திய குரல்.

"ஆமாம்மா, பெரியப்பாதான். சின்னப் புள்ளையில என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சவங்களாச்சே. தீபாவளி என்ன பெரிய தீபாவளி, நீங்க அதைப் பத்திக் கவலைப்படாதீங்க. அத்தைகிட்ட நான் சொல்லிக்கறேன்." பிறகு குரல் இறங்கியது. "எத்தனை நாளும்மா தீட்டு?"

"பதினாறு."

"அப்பா தல முழுகிட்டாரா?"

கமலாம்பாள் அவரைப் பார்த்தாள். சாவு வீட்டுச் சட்டையோடு அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"முழுகிட்டாரு" என்று சொல்லிக் கைபேசியை அணைத்தாள்.

சிங்காரவேலு வாளியை எடுக்கக் குனிந்தார்.

"இங்க வேண்டாம்" என்றாள் அவள். "ஆத்துக்குப் போங்க. நாலு பேரு பாக்குற மாதிரி முழுகிட்டு வாங்க. பட்டுக்கோட்டையிலேருந்து ஒருத்தரு வந்து விசாரிச்சாலும், ஊருல ஒரே பேச்சா இருக்கணும்."

துண்டை அவர் தோளில் போட்டாள். அவர் போனார்.

குடமுருட்டியில் மழைத்தண்ணீர் செம்மண் நிறத்தில் கரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. படித்துறையில் இரண்டு பெண்கள் தீபாவளிக்காக வீட்டுத் துணியெல்லாம் கொண்டுவந்து துவைத்துக்கொண்டிருந்தார்கள். சிங்காரவேலு சட்டையோடு இறங்கி, மார்பளவு தண்ணீரில் நின்று, ஒருமுறை முழுகி எழுந்தார்.

"யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டாள் அவர்களில் ஒருத்தி.

"எங்க அண்ணன்" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் முழுகினார்.